நாமமும் ரூபமும்: பலகையில் ஏறிய படங்களின் வரலாறு

உலகத்துப் பொருள்கள் அனைத்தையும் ‘நாமரூபம்’ என்னும் ஒரே சொல்லில் அடக்கினர் நம் முன்னோர். பெயரும் வடிவும் என்பது அதன் பொருள். கோயிலில் மூர்த்தியின் முன் நிற்கும்போது கண் வடிவைக் காண்கிறது. அர்ச்சகரின் நா பெயரைச் சொல்கிறது. இரண்டும் கூடியபோதே வழிபாடு நிறைவு பெறுகிறது. வடிவு மட்டும் இருந்து பெயர் மறந்துபோனால், எதிரே நிற்பது யாரென்று அறியாத நிலைதான் நமக்கு மிஞ்சும்.

அச்சிட்ட நிழற்படத்தை மரப்பலகையில் ஏற்றும் கைவேலையை இன்று நம் இளைஞர் சிலர் வீட்டிலேயே செய்து பழகி வருகின்றனர். பாட்டன், பாட்டியின் பழைய படங்களைப் பலகையில் ஏற்றிச் சுவரில் மாட்டுகின்றனர். பார்க்க அழகாகவே இருக்கின்றது. “கைவேலைக்கும் ஒரு வரலாறா?” என்று கேட்கலாம். உண்டு. அவ்வரலாறு தஞ்சாவூர் வழியாகவும், லண்டன் வழியாகவும், நம் தேயிலை மலைகளின் வழியாகவும் வருகின்றது. அதனை அறிந்து செய்தால் இவ்வேலை வெறும் அலங்காரமாய் நில்லாது. குடும்பத்துக்கும் சமூகத்துக்கும் ஒரு கடமையாக உயரும்.

தஞ்சையின் பலகைப்படம்

படத்தையும் பலகையையும் இணைத்தது புதுமையன்று. தஞ்சாவூர் ஓவியம் என்று இன்று உலகம் போற்றும் ஓவியத்திற்குத் தமிழில் வழங்கிய பெயரே ‘பலகைப்படம்’ என்பதாகும். பலாப்பலகையின்மீது துணியை ஒட்டி, அதன்மேல் சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசி, வழவழப்பாகத் தேய்த்து, அந்தத் தளத்திலேதான் ஓவியர் கண்ணனையும் இராமனையும் எழுதினர். ஆபரணங்கள் புடைத்துத் தோன்றும்படி செய்து, பொன் தகட்டை ஒட்டி, நிறக்கற்களைப் பதித்தனர். தஞ்சையை ஆண்ட மராட்டிய மன்னர்களின் ஆதரவில் இக்கலை வளர்ந்தது. 1798 முதல் 1832 வரை அரசிருந்த இரண்டாம் சரபோஜியின் காலம் அதன் சிறப்பான காலம் எனலாம்.

ஆனால் பலகைப்படம் ஒவ்வொன்றும் கையால் எழுதப்பட்டது. நாட்கணக்கான உழைப்பும் பொன்னும் கல்லும் அதற்கு வேண்டும். அரண்மனையும் மடமும் செல்வர் மாளிகையும் அதனை வாங்கின; கூலி வேலை செய்து கஞ்சி குடித்தவன் வீட்டில் அதற்கு இடம் ஏது?

கல்லச்சும் சாமிப் படமும்

ஏழை வீட்டுக்குத் தெய்வத்தின் வடிவைக் கொண்டு வந்தது அச்சுக்கலை. எண்ணெயும் நீரும் ஒட்டா என்பது எல்லாரும் அறிந்த செய்தி. அச்சிறு உண்மையை வைத்தே ஜேர்மனியைச் சேர்ந்த அலோய் செனஃபெல்டர் என்பவர் 18 ஆம் நூற்றாண்டின் இறுதி ஆண்டுகளில் கல்லச்சு முறையைக் கண்டார். வழவழப்பான கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள மையால் எழுதி, கல்லை நீரால் நனைத்து, பின் அச்சு மையைத் தடவினால், எழுதிய இடத்தில் மட்டும் மை பற்றும். நிறத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களை வைத்து அச்சிட்டால் வண்ணப்படமும் கிடைக்கும்.

இம்முறையை நம் தெய்வங்களுக்குப் பயன்படுத்திப் பெரும்புகழ் பெற்றவர் கேரளத்து ஓவியர் இராஜா ரவிவர்மா ஆவார். 1848 இல் பிறந்த இவர் 1894 இல் பம்பாயில் ஓர் அச்சகத்தை நிறுவினார். இலட்சுமியும் சரஸ்வதியும் தாமரையிலும் நீர்க்கரையிலும் வீற்றிருக்கும் அவருடைய படங்கள் அங்கிருந்து பாரத நாடெங்கும் பரவின. கோயிலுக்குள் நுழைய விடாத சாதியாரின் வீட்டிலும் அதே இலட்சுமி வந்து அமர்ந்தாள். இது சமய வரலாற்றில் சிறிய செய்தியன்று.

இவ்வச்சுப் படங்களும், பின்னாளில் சிவகாசியில் அச்சான நாட்காட்டிப் படங்களும் நம் தோட்டத்து லயங்களுக்கும் வந்தன. பத்தடிக் காம்பராவுக்குள் பூசை அறைக்கு இடமில்லை. ஒரு மூலையில் ஒரு பலகைத் தட்டு, அதன்மேல் சாமிப் படம், முன்னால் ஒரு விளக்கு, அதுவே கோயில். ஆண்டு முடிந்த நாட்காட்டியின் முருகனைக் குப்பையில் போட மனம் வராமல், கத்தரித்து மரப்பலகையில் பசையால் ஒட்டி வைத்த தாய்மார் பலர். இன்று நாம் செய்யும் வேலைக்கு நம் மலையகத்தில் முன்னோடி யாரென்று கேட்டால், அந்தத் தாய்மாரையே காட்ட வேண்டும்.

இடம் மாறும் அச்சு

கடதாசியைப் படத்தோடு ஒட்டுவது ஒரு முறை. படத்தை மட்டும் ஏற்றிக் கடதாசியை நீக்கிவிடுவது வேறொரு முறை. இரண்டாவது முறைக்கும் நீண்ட வரலாறு உண்டு. 1756 இல் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் ஜோன் சாட்லர், கை கிரீன் என்ற இருவர், ஆறு மணி நேரத்தில் 1200 க்கு மேற்பட்ட பீங்கான் ஓடுகளில் படம் பதித்ததாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தனர். கையால் தீட்டினால் பல நாள் பிடிக்கும் வேலை அது. தகட்டில் செதுக்கிய படத்தை மெல்லிய கடதாசியில் அச்செடுத்து, மை உலருமுன் பாத்திரத்தில் அழுத்தி, பின்பு கடதாசியைக் கழுவி எடுக்கும் வழக்கம் அந்நாட்டில் பெருந்தொழிலாக வளர்ந்தது.

நம் வீடுகளிலும் இதன் சான்று இருக்கின்றது. பழைய கால்மிதித் தையல் இயந்திரத்தின் கறுப்பு உடலில் மின்னும் பொன்னிறப் பூக்களைப் பார்த்திருப்பீர்கள். அவை பெரும்பாலும் கையால் எழுதியவை அல்ல. அச்சிட்டு ஏற்றி, மேலே வார்னிஷ் பூசியவை.

மரத்தில் நிழற்படம் ஏறிய வரலாறு இதனினும் சுவையானது. 1842 இல் லண்டனில் தொடங்கிய படப் பத்திரிகை ஒன்றும், அதனைப் பின்பற்றிய பிறவும், மரக்கட்டையில் செதுக்கிய படங்களையே அச்சிட்டன. ஓவியர் கட்டையின் மேலேயே படம் வரைவார். செதுக்குபவர் அதனை வெட்டுவார். வெட்ட வெட்ட ஓவியரின் மூலப்படம் அழிந்துவிடும். 1860 களில் இதற்கு மாற்று வழி பிறந்தது. ஓவியத்தைத் தனியே கடதாசியில் வரையச் செய்து, அதனை நிழற்பட முறையால் கட்டையின் மேற்பரப்பில் ஏற்றி, அந்தப் பிரதியைச் செதுக்கினர். மூலம் பத்திரமாகத் தங்கியது. பிரதி வேலைக்கு உதவியது. மூலத்தைக் காப்பாற்று, பிரதியில் வேலை செய் என்னும் இப்பாடம் நமக்கு மிகவும் வேண்டியது. பின்னர் அதற்கு வருவோம்.

மலைக்கு வந்த காமிரா

நிழற்படக் கலை 1839 இல் உலகறியத் தோன்றியது. அடுத்த சில பத்தாண்டுகளில் அது நம் தீவுக்கும் வந்துவிட்டது. கோப்பி பயிர் 1869 முதல் இலைநோயால் அழியத் தொடங்கி, 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தொடங்கிய தேயிலை மெல்ல அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்த காலம் அது.

அக்காலத்தில் நிழற்படக் கலையின் பெருங்கலைஞர் ஒருவர் நம் மலைநாட்டிலேயே வாழ்ந்து மறைந்தார் என்பதைப் பலர் அறியார். அவர் ஜூலியா மார்கரட் கமரோன் அம்மையார். 1815 இல் கல்கத்தாவில் பிறந்தவர். நாற்பத்தெட்டாம் வயதில் காமிராவைக் கையில் எடுத்து, விஞ்ஞானிகளான டார்வினையும் ஹேர்ஷலையும், கவிஞர் டெனிசனையும் படமெடுத்துப் புகழடைந்தார். 1875 இல் கணவருடன் இலங்கைக்கு வந்து, இங்கும் ஊர்மக்களையும் தொழிலாளரையும் படமெடுத்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பள்ளத்தாக்கின் கிளென்கேர்ன் தோட்டத்தில் இறந்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அவரும் கணவரும் அடக்கம் செய்யப்பட்டுள்ளனர்.

அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் இன்று எஞ்சியிருப்பவை முப்பதுக்கும் குறைவே. அவற்றிலுள்ள முகங்கள் கம்பீரமானவை. ஏளனத்தோடு எடுத்த படங்கள் அல்ல அவை. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். இங்கிலாந்தில் எடுத்த படங்களில் டார்வின் டார்வினாகவே இருக்கிறார். டெனிசன் டெனிசனாகவே இருக்கிறார். இலங்கையில் எடுத்தவற்றிலோ பெரும்பாலும் ‘ஒரு பெண்’, ‘ஒரு கூட்டம்’ என்ற அளவே எஞ்சியது. முகம் இருக்கிறது, பெயர் இல்லை. ரூபம் வந்து சேர்ந்தது. நாமம் வழியில் விழுந்துவிட்டது.

பின்னர் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. நூற்றாண்டின் இறுதியிலும் அதற்குப் பின்னும் கொழும்பிலும் கண்டியிலும் நுவரெலியாவிலும் இயங்கிய படப்பிடிப்பு நிலையங்கள், கொழுந்து எடுக்கும் பெண்ணின் படத்தைத் தபாலட்டையாக்கி விற்றன. உல்லாசப் பயணிகள் வாங்கி உலகின் மூலைகளுக்கெல்லாம் அனுப்பினர். அட்டையின் அடியில் ‘தேயிலை பறிக்கும் தமிழ்ப் பெண்’ என்றிருக்கும். அவள் யாருடைய மகள்? எந்தத் தோட்டம்? எந்த ஊரிலிருந்து வந்தவள்? அட்டை சொல்வதில்லை.

தேயிலைப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கடதாசிப் பைகள் வருவதற்கு முன் தேயிலை மெல்லிய பலகைப் பெட்டிகளில் ஏற்றுமதியானது. பெட்டியின் பக்கத்தில் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் அச்சாகியிருக்கும். நம் மலையில் மரத்தின்மீது ஏறிய எழுத்துக்களில் அவற்றைப்போல உலகம் சுற்றியவை வேறில்லை. ஆனால் கொழுந்து எடுத்தவளின் பெயர் எந்தப் பெட்டியிலும் ஏறவில்லை. அது செக்ரோல் புத்தகத்தில் மட்டும், பேர்க்கணக்குக்காக இருந்தது.

பிரிவு தந்த படங்கள்

நம்மவர் தமக்காகவே படம் எடுத்துக்கொண்ட காலம் பின்னால் வந்தது. அதற்குக் காரணம் எப்போதும் மகிழ்ச்சியாய் இருக்கவில்லை. திருமணத்துக்கு ஒரு படம் எடுத்தவர் உண்டு. ஆனால் எத்தனையோ குடும்பங்களில் பாட்டன், பாட்டியின் ஒரே படம் கடவுச்சீட்டுக்காக எடுத்த சிறு படந்தான்.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30 ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேர் இலங்கைக்கு என்றும் தலைகளைப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதியாகப் பகிர்ந்தன. அண்ணன் ஒரு நாட்டுக்கும் தம்பி மறு நாட்டுக்குமாயினர். மலையிலிருந்து புகையிரதமேறித் தலைமன்னாருக்கும், அங்கிருந்து கப்பலில் இராமேஸ்வரத்துக்கும் அவர்கள் போயினர். 1984 இல் அக்கப்பல் சேவையும் நின்றது. நாடற்ற நிலையில் எஞ்சியிருந்தோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

போகுமுன் எடுத்துக்கொண்ட படம் இரண்டு பிரதியாகும். ஒன்று போனவரின் பெட்டியில். மற்றொன்று இருந்தவரின் சுவரில். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் ஒரு பாதி, நம் மலையில் மறுபாதி. அப்படத்தில் இருப்பவர் பெயரைக் கேட்டால் உடனே சொல்லக்கூடியவர்கள் இன்று எண்பது வயதை எட்டியவர்கள். இன்னும் பத்தாண்டு கழித்து யாரைக் கேட்பது?

ஈரமும் மருந்தும்

பட்டிப்பொல புகையிரத நிலையம் 1891 மீட்டர் உயரத்தில் இருப்பது. இலங்கையில் இதற்கு மேலான நிலையம் இல்லை. அப்பெருமையோடு பனிமூட்டமும் ஈரமும் நமக்குக் கிடைத்த சொத்து. பழைய நிழற்படத்தின் மேற்பரப்பு விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலற்றின் என்னும் பொருளால் ஆனது. ஈரம் மிகுந்தால் அது இளகும். பூஞ்சணம் அதனை உணவாகக் கொள்ளும். கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தால் கண்ணாடியோடேயே ஒட்டிக்கொள்ளும். படத்துக்கு நாம் இடும் ஈரப் பூமாலையும் விளக்கின் புகையும் அன்பின் அடையாளங்களே எனினும், படத்துக்கு நன்மை செய்வன அல்ல.

ஆகவே முதல் விதி இது: மூலப் படத்தைப் பலகையில் ஒட்டாதீர்கள், பசை தடவாதீர்கள், நனைக்காதீர்கள். பகல் வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் அதனைப் படமெடுத்துப் பிரதி செய்யுங்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் உரிக்காமல், கண்ணாடிக்கு மேலேயே எடுங்கள். பின்பு மூலத்தைச் சுத்தமான கடதாசி உறையிலிட்டு, அடுப்புக்கும் ஈரச்சுவருக்கும் எட்டாத அலுமாரியில் வையுங்கள். சுவரில் தொங்கிப் புகையையும் பனியையும் தாங்க வேண்டியது பிரதியே.

பிரதியை லேசர் முறையில் சாதாரணக் கடதாசியில் அச்சிட வேண்டும். காரணம் உண்டு. அமெரிக்கரான செஸ்டர் கார்ல்சன் 1938 இல் கண்டுபிடித்த உலர் அச்சு முறையின் வழிவந்தது லேசர் அச்சு. அதன் மை உண்மையில் நுண்ணிய பிளாஸ்டிக் பொடி; சூட்டால் உருகிக் கடதாசியின் மேலே ஒட்டி நிற்கும்; நீரில் கரையாது. அதனாலேயே பசை அதனைப் பற்றிக்கொள்கிறது; கடதாசி மட்டும் கழன்று வருகிறது. மையைத் தெளிக்கும் மற்ற இயந்திரத்தின் அச்சோ பெரும்பாலும் நீர் பட்டவுடன் கலங்கிவிடும்.

அச்சிடுமுன் படத்தை இடம் வலமாகத் திருப்ப மறவாதீர்கள். இதை எழுதுபவன் முதன்முதலில் திருப்ப மறந்து பாட்டியின் படத்தை ஏற்றினான். எல்லாரும் “நன்று” என்றனர். பாட்டியின் தங்கை மட்டும் ஒரு கணம் பார்த்துவிட்டு, “இது யாரு? அக்கா இந்தப் பக்கமா மூக்குத்தி போட்டிருந்துச்சு?” என்று கேட்டார்.

பலகை வெளிர் நிறமாக, முடிச்சில்லாததாக இருக்கட்டும். லேசர் அச்சில் வெள்ளை மை கிடையாது. படத்தில் வெள்ளையாய் இருக்குமிடத்தில் மரத்தின் நிறமே தோன்றும். பாட்டனின் வெள்ளை வேட்டி பலகை நிறமாகும் என்பதை எதிர்பார்த்தே தொடங்குங்கள். பலகையை அரத்தாளால் வழவழப்பாகத் தேய்த்துத் தூசியைத் துடையுங்கள். அக்ரிலிக் பசையை மெல்லியதாய், சீராய்ப் பூசுங்கள். தச்சரின் வெள்ளைப் பசையும் உதவும். ஆனால் அது ஈரத்தில் இளகும் இயல்புடையது. அச்சிட்ட முகம் பசையில் படும்படி கடதாசியைக் கவிழ்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளிக் காற்றுக் குமிழிகளை நீக்குங்கள். மற்ற ஊர்களில் ஓர் இரவு உலர்ந்தால் போதும். நம் குளிரில் இரண்டு நாள் பொறுங்கள்.

நன்கு உலர்ந்தபின் ஈரப்பஞ்சால் கடதாசியை நனைத்து, விரல் நுனியால் வட்டமாகத் தேய்த்தால் அது திரிதிரியாக உருண்டு வரும். அவசரப்பட்டால் முகமும் சேர்ந்து வந்துவிடும். உலர்ந்ததும் வெண்பூச்சாய் எஞ்சும் நாரை மறுபடி நனைத்து எடுங்கள். இறுதியில் வார்னிஷ் இரண்டு தடவை பூசுங்கள். சிலர் அசெற்றோன் முதலிய திரவங்களால் மையை ஏற்றுவர். அவற்றின் ஆவி மூச்சுக்குத் தீங்கு, எளிதில் தீப்பற்றும். அடுப்பெரியும் வீட்டில் அது வேண்டாம்.

பலகையின் பின்புறம்

இவ்வளவும் செய்து முடித்தால் ரூபம் ஏறிவிட்டது. இனி நாமம் ஏற வேண்டும். பலகைக்கு முன்புறம் ஒன்று, பின்புறம் ஒன்று. நம்மிற் பலர் முன்புறத்தோடு நின்றுவிடுகிறோம்.

பலகையைத் திருப்பி வைத்துப் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து கரியால் ஆனது, ஈரத்தில் கரைவதில்லை. படத்திலிருப்பவர் பெயர், தாய் தந்தையர் பெயர், தமிழகத்தில் இருந்து வந்த ஊர், வேலை செய்த தோட்டமும் பிரிவும், படமெடுத்த ஆண்டு, இவற்றைச் சொன்னவர் பெயர், எழுதிய நாள் ஆகிய ஏழு செய்திகள் போதும். தெரியாததைத் தெரிந்ததாக எழுதவேண்டாம். “இடப்பக்கம் நிற்பவர் பெயர் அறியோம்” என்று எழுதுவதும் நேர்மையான வரலாறுதான். நாளை வேறொரு தோட்டத்துப் பெரியவர் வந்து அதை நிரப்பக்கூடும். அப்படத்தின் மறு பிரதி அக்கரையில் இருக்கும் வீட்டுக்கும் இவ்விவரங்களை அனுப்புங்கள். அங்கே தெரிந்த பெயர் இங்கே தெரியாததாக இருக்கலாம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். “படிக்காத எங்களுக்கு என்ன வரலாறு?” என்று சொல்லிப் பிள்ளைகளை அனுப்பிவிடாதீர்கள். அந்தச் சிறு படத்தில் இருப்பவரின் பெயரைச் சொல்ல உங்களைத் தவிர வேறு எவராலும் முடியாது. இளைஞர்களே, உங்களிடமும் ஒன்று. சங்கத்தின் ஆண்டு விழாவுக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு பலகைப்படம் கொண்டுவாருங்கள். முன்புறத்தை எல்லாரும் பார்க்கட்டும். பின்புறத்தை ஒருவர் எழுந்து வாசிக்கட்டும். நம்மைப் படமெடுத்தவர்கள் எழுதாமல் விட்ட பெயர்கள் அன்றைக்கு நம் சபையில் ஒலிக்கட்டும்.

தெய்வத்துக்கு ஆயிரம் நாமம் சொல்லி அர்ச்சிப்பவர்கள் நாம். நம்மைப் பெற்றவரைப் பெற்றவர்களுக்கு ஒரு நாமமாவது எஞ்சவேண்டாமா? பெயரை எழுதிய பின்னரே பலகையைச் சுவரில் மாட்டுவோம்.